வந்த வழியே

"எங்க பூட்டன் திருச்செங்கோட்டுப் பக்கம் சார். கண்டிச்சீமைக்குப் போயி, நாங்க ஈரோட்டுக்கு வந்து சேர நூறு வருஷம் ஆயிப்போச்சு."

சுவரில் ரோலரை உருட்டிக்கொண்டே பெயின்டர் இதைச் சொன்னார். ஈரோட்டில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர்களில் பவானிசாகர், அரச்சலூர் இலங்கைத் தமிழர் முகாம்களைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். இவர் பவானிசாகர் முகாம். விடிவதற்குள் பஸ் ஏறி வந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். ஊரில் எல்லாரும் அவர்களைச் "சிலோன்காரங்க" என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருஷமாக நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருச்செங்கோடு இருபது கிலோமீட்டர். அவ்வளவு பக்கத்து ஊர்க்காரரை எந்தக் கணக்கில் சிலோன்காரர் ஆக்கினோம் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரிடம் கேட்டபோது, "எனக்குப் பாதிதான் தெரியும் சார். ஞாயித்துக்கெழம வாங்க, எங்கம்மா முழுசாச் சொல்லும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சத்தியமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சித்தோடு தாண்டியதும் கரும்புத் தோட்டங்கள் தொடங்கின. கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை மூட்டைகளை அடுக்கிய வேன்கள் நின்றன. கோபியில் வயல்கள் பச்சைப் பசேலென்று கிடந்தன. இந்தப் பச்சையைப் பார்த்தால் இது போர் தெரியாத நாடு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஹைதர் அலி காலத்தில் 3,000 வீடுகள் இருந்த ஈரோடு, மைசூர்ப் படை, மராட்டியப் படை, கும்பினிப் படை என்று மாறி மாறி மிதித்ததில் ஆளற்றுப் போனது. சமாதானம் ஆன பிறகு ஒரு வருஷத்தில் 400 வீடுகள் எழும்பின. எஞ்சிக் கிடந்த கோட்டையை 1877 பஞ்சத்தில் கூலி கொடுத்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1790 செப்டம்பரில் திப்புவின் படை கெஜலெட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதியது. அந்தக் கணவாய் இருக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் வாசலில்தான் இன்றைய பவானிசாகர் அணை நிற்கிறது. ஹொய்சளத் தண்டநாயகர் கட்டிய டணாயக்கன் கோட்டை அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் மாதவப் பெருமாள் கோயில் தலைகாட்டும்.

நான் போன அன்று அணையில் தண்ணீர் நிறைய இருந்தது. கோயில் தெரியவில்லை.

முகாமுக்குள் வெளியாட்கள் போய்ப் பேசுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். அதனால் பெயின்டர் அவருடைய அம்மாவை அணைப் பக்கம் கூட்டி வந்திருந்தார். மீன் வறுக்கும் கடைகளைத் தாண்டி, புங்க மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு. மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

"எந்த ஊரும்மா நீங்க?" என்றேன்.

"எதச் சொல்ல தம்பி?" என்றார். "பொறந்தது மாத்தளை. பேர் பதிஞ்சதும் அங்க தோட்டத்துலதான்."

மாத்தளை என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய பாதை நினைவுக்கு வந்தது. 1830-களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த காலத்தில், ராமேசுவரம் பக்கமிருந்து தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வன்னிக் காட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளைக்குப் போனார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் பாதி வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. பிறகு காப்பிச் செடியில் இலைநோய் விழுந்து தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. நடைவழி போய் ரயிலும் கப்பலும் வந்தன. அம்மாவின் தாத்தா ரயில் காலத்துக்காரர். சேலம் ஜில்லாவில் மழை பொய்த்த ஒரு வருஷம், ஆள் பிடிக்க வந்த கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவர். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாமில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றினார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பிய காலமும் இருந்தது. அதில் எண் பொறித்திருக்கும். எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு என்பதற்கான அடையாளம் அது. போய்ச் சேர்ந்த பிறகு 'துண்டு' என்று ஒரு காகிதம். இந்தக் குடும்பம் இவ்வளவு கடன்பட்டிருக்கிறது, அதை அடைக்கிற துரைதான் இவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். 1921-ல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

காலனி காலத்தில் குடியேறிய குடும்பம் என்றால் நம் கண்முன்னே வருவது மலை முகட்டுப் பங்களாவும் தொப்பி போட்ட துரையும்தான். இது தவறான படம் என்பது என் எண்ணம். பெரும்பாலான துரைமார் வந்தார்கள், சம்பாதித்தார்கள், ஓய்வு பெற்றுக் கப்பலேறினார்கள். காட்டை வெட்டி, கன்று நட்டு, குழந்தை பெற்று, செத்தவர்களை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு அங்கேயே இருந்தவர்கள் லயத்து வரிசையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வாழ்ந்தவர்கள். காலனி ஆட்சி குடியேற்றிய குடும்பம் என்றால் அது இவர்கள்தான். அந்தக் குடியேற்றத்துக்கான விலையைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தவர்களும் இவர்களே.

முதல் போர் அம்மாவின் அப்பா பார்த்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9-ஆம் தேதி திருகோணமலையில். மலாயா ஜப்பான் கைக்குப் போய்விட்டதால், நேச நாடுகளுக்கு ரப்பர் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் இலங்கையின் தலையில் விழுந்தது. பர்மா விழுந்ததால் அரிசியும் வரவில்லை.

"சண்டைக்கு வேணும்னு மரத்த ரெண்டு பக்கமும் வெட்டச் சொன்னாங்களாம். பால் வடிஞ்சு வடிஞ்சு மரம் செத்துப்போகும்னு அப்பா சொல்லும். மனுசனுக்குச் சோறில்ல, மரத்துக்கு ஓய்வில்ல. மாக் கஞ்சிதான்."

அப்படி உழைத்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1947 தேர்தலில் வாக்களித்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அதே 1948-ல்தான் இங்கே பவானிசாகர் அணைக்கு மண் வெட்டத் தொடங்கினார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை அந்த மண்ணணை நீண்டு கிடக்கிறது. 1955-ல் அது முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் வழியாக இரண்டு லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ந்து, எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் நிமிர்ந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குடும்பம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்த இந்த ஒப்பந்தத்தில் லயத்தில் இருந்த யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை. கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தோட்டங்களுக்குப் போனவர்கள் கப்பலேறிய துறைமுகமே இல்லாமல் போயிற்று.

அம்மாவின் அப்பா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாராம். பதில் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அதே ஒப்பந்தத்தில் இந்தியா வந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் 1968-ல் தொடங்கியதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். பின்னாளில் அது டான்டீ ஆயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனால் இன்றும் அவர்கள் கொழுந்து பறிப்பதைப் பார்க்கலாம். இன்னும் பலரைக் கூட்டுறவு நூற்பாலைகளில் சேர்த்தார்கள். முகாமில் இருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் ஒரே வித்தியாசம், காகிதம் கைக்கு வந்ததா இல்லையா என்பதுதான்.

"எழுபத்தேழு ஆவணி" என்று ஆரம்பித்த அம்மா சற்று நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போய் டீ வாங்கி வந்தார்.

1977 ஆகஸ்டில் தேர்தல் முடிந்த கையோடு கலவரம் வெடித்தது. தமிழ் ஈழம் கேட்டது வடக்கில். அடி விழுந்தது தோட்டங்கள் இருந்த மலையகத்திலும்தான். லயங்களைக் கொளுத்தினார்கள். அம்மா கைக்குழந்தையும் மற்ற இரண்டு பிள்ளைகளுமாக ஒரு கோயிலில் நான்கு நாள் ஒளிந்திருந்து, பிறகு லாரியில் வடக்கே வவுனியாவுக்குப் போனார். மாத்தளையிலிருந்து தம்புள்ளை, அங்கிருந்து வன்னி. காப்பிக் காலத்தில் முன்னோர் தெற்கே நடந்துபோன அதே பாதையில் இவர்கள் வடக்கே திரும்பினார்கள். அம்மா சொல்லச் சொல்லத்தான் எனக்கு இது புரிந்தது. ஒவ்வொரு சண்டையும் இந்தக் குடும்பத்தை, துரை கூட்டிவந்த வழியிலேயே ஒரு கட்டம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.

வவுனியாவில் அவர்களைக் கைதூக்கி விட்டது காந்தீயம். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் தொடங்கிய இயக்கம் அது. அகதியாக வந்த மலையகக் குடும்பங்களுக்குக் காட்டோரத்தில் நிலம் காட்டி, கிணறு வெட்டி, பாலர் பள்ளி வைத்துக் கொடுத்தார்கள். "மொத மொதலா எனக்குன்னு மண்ணு" என்றார் அம்மா. ஒன்றரை ஏக்கர். நிலக்கடலையும் மிளகாயும் போட்டார்களாம். அந்த இரண்டு பயிரைப் பற்றி மட்டும் அவர் அரைமணி நேரம் பேசினார். விதை எங்கே வாங்கினார்கள், பன்றி வராமல் இருக்க எப்படிக் காவல் காத்தார்கள், முதல் மிளகாயை விற்ற காசில் பிள்ளைகளுக்கு என்ன துணி எடுத்தார்கள் என்று எல்லாம் நினைவிருந்தது. குடும்பத்தின் நூறு வருஷ வாழ்க்கையில் சொந்தமாகப் பயிர் வைத்த அந்த ஐந்தாறு வருஷம்தான் அவர் கண்ணில் ஒளியோடு வந்தது. நானும் குடியானவன் வீட்டுப் பிள்ளை என்பதாலோ என்னவோ, மற்ற எல்லாவற்றையும்விட அந்த மிளகாய்ச் செடிகளே என் மனதில் நிற்கின்றன.

1983-ல் டேவிட்டையும் ராஜசுந்தரத்தையும் கைது செய்தார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984-ல் டாலர் பண்ணை, கென்ட் பண்ணை என்ற இடங்களில் குடியிருந்த மலையகக் குடும்பங்களை விரட்டிவிட்டு, அரசு அங்கே சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு குடியேற்றியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் புலிகள் அந்தக் குடியேற்றங்களைத் தாக்கிப் பலரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. விரட்டப்பட்டவர்களும் ஏழைகள், அவர்கள் இடத்தில் வைக்கப்பட்டுச் செத்தவர்களும் ஏழைகள். குடியேற்றத்தைப் போருக்கு வேலியாக நட்ட அரசின் பாவம் அது. ஆயுதமில்லாதவர்களைக் கொன்றவர்களின் பாவமும் குறைந்ததல்ல. இதைச் சொல்லத் தமிழர்களான நாம் தயங்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அம்மாவின் ஒன்றரை ஏக்கரும் அந்த வருஷத்தோடு போயிற்று. பிறகு மடு மாதா கோயில், மன்னார்ப் பக்கம் ஒரு கொட்டில், வீட்டுக்குப் பின்னால் பங்கர். 1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியதும், தாலிக்கொடியை விற்றுத் தோணிக்காரருக்குக் கொடுத்தார். கணவர் வரவில்லை. அவர் எப்படி இறந்தார் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தங்கை கிளிநொச்சிப் பக்கமே தங்கிவிட்டார். 2009-க்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

"விடியக் காலம்பற மணல்திட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாத்துக்கிட்டே நிக்கிறோம். அப்புறம் வந்து கூட்டிக்கிட்டு மண்டபம் கேம்ப்ல வச்சாங்க."

உங்கள் தாத்தாவைக் கப்பலேற்றுவதற்கு முன் அடைத்து வைத்ததும் அதே மண்டபத்தில்தான் என்றேன்.

அவர் மகனைப் பார்த்தார். பிறகு என்னை. "அதே எடமா தம்பி?"

அதே இடம்தான். போகும்போது நோய் இருக்கிறதா என்று பார்த்த இடத்தில், திரும்பி வரும்போது யார் என்று பார்த்தார்கள். மண்டபத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிப் பவானிசாகருக்கு அனுப்பினார்கள். அப்போது பெயின்டருக்குப் பதினைந்து வயது. இறங்கியதும் மலையைப் பார்த்து, மறுபடியும் மலையகத்துக்கே கொண்டுவந்து விட்டார்களோ என்று நினைத்தாராம்.

"மாத்தளைல கள்ளத்தோணின்னாங்க. வடக்க தோட்டக்காட்டான்னாங்க. இங்க அகதி, சிலோன்காரின்னு சொல்றாங்க" என்றார் அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை.

தமிழ்நாடு இவர்களைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் வேலை அதில் ஒன்று. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. பிள்ளைகள் கல்லூரி வரை படிக்கிறார்கள். ஆனால் குடியுரிமை தமிழ்நாட்டின் கையில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் வென்றார், வாக்கும் அளித்தார். ஆனால் பெயின்டரின் மகள் பிறந்தது 1998. சத்தியமங்கலத்தில் பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போய், பி.காம். முடித்தவர். கொங்குத் தமிழில் "ஏனுங்க, வாங்க" என்று பேசுகிறார். சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். 2019-ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதே 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருச்சிப் பக்கத்து முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர் தொடர்ந்த வழக்கில், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக மட்டும் பார்க்கக் கூடாது, குடியுரிமை மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். தண்டனை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் அதைக் காட்டி வங்கியில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, நிலம் வாங்க முடியாது, வாக்களிக்க முடியாது.

புறப்படும்போதுதான் அம்மா மஞ்சள் பையைத் திறந்தார். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காகிதங்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவு ஒன்று. அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டதற்கான ரசீது, மடிப்பில் கிழிந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. மண்டபத்தில் கொடுத்த பதிவுச் சீட்டு. முகாம் அடையாள அட்டை. "எதக் கேப்பாங்கன்னு தெரியாதில்ல, அதான் கையோடவே வச்சுக்கறது" என்றார். திருச்செங்கோடு என்று எழுதிய காகிதம் எதுவும் அதில் இல்லை. தாத்தா சொல்லி, அப்பா சொல்லி, வாய்மொழியாக வந்த ஊர் அது. அர்த்தநாரீசுவரர் மலையை அம்மா இன்னும் பார்த்ததில்லை. முகாமில் பெயர் கூப்பிடும் நாளில் ஆள் இல்லாவிட்டால் பதிவு போய்விடுமோ என்ற பயத்தில் தொலைவாக எங்கும் கிளம்புவதே இல்லையாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். சத்தியில் பூ மூட்டைகளை ஏற்றினார்கள். ஈரோடு வரை நின்றுகொண்டே வந்தேன்.

பவானிசாகர் சட்டமன்றத் தொகுதி, நீலகிரி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அரச்சலூர் ஈரோட்டுப் பக்கம். இந்த முகாம்களில் இருக்கும் யாரும் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. இதைப் படிக்கிற நீங்கள் கேட்க முடியும். அடுத்த முறை உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது, சாலையையும் வாய்க்காலையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, 1964-லும் 1974-லும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட குடியுரிமையை அவர்களுக்கு எப்போது கொடுக்கப் போகிறீர்கள்? அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.